தறி வீட்டுக்கு ஒரு கூறு

பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணிக்கு வரும் காலைப் பேருந்தில், முன்பக்கம், ஊனமுற்றோருக்கென்று எழுதிய இருக்கை ஒன்று உண்டு. பாவா ஏறும்போது கையும் காலும் நன்றாக இருக்கிற யாராவது ஒருவன் அதில் உட்கார்ந்திருப்பான். பாவா அவன் பக்கத்தில் போய் நின்று, "மேல எழுதிக்கிறத படிக்கத் தெரியுமா?" என்பார். அவன் எழுந்துகொள்வான். எழுந்தவன், செத்துப்போன மாதிரி தொங்கும் பாவாவின் இடது கையைப் பார்த்துவிட்டு, "உக்காருங்க பெரியவரே" என்பான். அங்கேதான் சண்டை ஆரம்பிக்கும்.

"நான் உக்கார எடம் கேட்டனா? உன்ன எழுந்துக்கச் சொன்னேன். அவ்ளோதான்."

அதன்பிறகு திருத்தணி வரும்வரை அந்த இருக்கை காலியாகவே வரும். பாவா பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எத்தனை நெரிசலிலும் ஒருவரும் அதில் உட்காரத் துணிய மாட்டார்கள். நடத்துனர் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"நீயும் உக்கார மாட்ற, அடுத்தவனையும் உக்கார வுட மாட்ற. இன்னாய்யா உன் ஞாயம்?"

"எனக்கு வோணும்னா நானே உக்காருவேன். அது என்னுது. நீ பாவம் பாத்து குடுக்கறது இல்ல."

பாவா என்று சொல்கிறேனே தவிர, அவர் என் கூடப்பிறந்தவள் புருஷன் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிற ஊர் எங்களுடையது. அவர் மனைவியை நான் சிறுவயதிலிருந்தே அக்கா என்று கூப்பிட்டேன், அதனால் அவர் பாவா ஆனார். பிறகு ஊரில் பாதிப் பேருக்கு அதுவே அவர் பெயராயிற்று.

நான் ஐந்தாவது வரை படித்தவன். மலையடிவாரத்தில் காவடி வாடகைக்கு விடும் கடையில் வேலை செய்கிறேன். நாலு பேர் கூடி நின்றால் எனக்குப் பேச்சு வராது. ஓர் ஆடிக் கிருத்திகையன்று, சென்னையிலிருந்து வந்த ஒருவர் மயிலிறகு ஒடிந்த காவடியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, கொடுக்கும்போதே ஒடிந்திருந்தது என்று என்னைத் திட்டினார். ஒடிந்திருக்கவில்லை. நான்தான் ஒவ்வொரு இறகையும் தடவிப் பார்த்துக் கொடுத்தேன். ஆனால் எனக்கு வாய் வரவில்லை. அந்த வழியாகப் போன பாவா நின்றார். கூட்டம் சேருகிற அளவுக்குச் சண்டை போட்டார். அந்த ஆள் மன்னிப்புக் கேட்காத குறையாகப் போனபிறகு, பாவா என் பக்கம் திரும்பினார்.

"வாய இன்னாத்துக்கு வெச்சிக்கினு கீற? சோறு துன்னவா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"உன் கோவத்தையும் சேத்து நானே பட்டுகினு கீறேன். எவ்ளோ நாளைக்கு?"

கடை முதலாளி அவரைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். "வுடுப்பா. முருகனே சூரனோட சண்ட போட்டுட்டு கோவம் தணிஞ்சி வந்து உக்காந்த மல இது. இங்க நின்னு கத்தற."

"அவருக்கு தணியும். பக்கத்துல ரெண்டு பொண்டாட்டி. எனக்கு இருக்கறது ஒருத்தி. அவளும் திட்டறா" என்றார் பாவா.

முதலாளி சிரித்துவிட்டார். பாவா சிரிக்கவில்லை. அவர் வேடிக்கையாகச் சொல்வதையும் கோபமாகத்தான் சொல்வார்.

அவர் பள்ளிப்பட்டில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒருநாள் ஓடிக்கொண்டிருந்த பட்டை சட்டையோடு இழுத்ததில் இடது தோள் போயிற்று. புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டுப் போட்டார்கள். எலும்பு கூடியது. நரம்பு கூடவில்லை. ஈரத்துணியைத் தோளில் போட்டதுபோலக் கை அப்படியே தொங்கியது. அதன்பிறகு ஒற்றைக் கையால் வேட்டி கட்டினார், சைக்கிள் ஓட்டினார், வெங்காயம்கூட உரித்தார். யாராவது உதவிக்கு வந்தால் மட்டும் குரல் உயரும். அவரால் செய்ய முடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். வில்லை இழுக்க முடியவில்லை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் ஊர் அவரை வெளியே தள்ளியது.

வில் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் ஏரியில் குத்தகைக்காரர் வலை போடுவார். கோடையில் தண்ணீர் மதகின் கீழ்ப்படிக்கு இறங்கியதும் அவர் வலையைச் சுருட்டிக்கொண்டு போய்விட வேண்டும். அதற்குப்பிறகு ஏரியில் மிஞ்சுவது ஊர் மீன். அதை வில்லால் மட்டுமே வேட்டையாட வேண்டும். வலை, தூண்டில், மின்கம்பி எதுவும் கூடாது. மூங்கில் வில், நுனியில் இரும்பு முள் வைத்த அம்பு, அம்பின் வாலில் நைலான் கயிறு, இவ்வளவுதான். விரால் மூச்சு வாங்க ஒரு நொடி மேலே வரும். அந்த நொடிக்காக நாணை இழுத்துப் பிடித்தபடி கரையில் நிற்க வேண்டும். இதற்கு வில்லு மாசம் என்று பெயர். மாசம் முழுக்க அடிக்கும் மீன் அவரவருக்கு. கடைசி ஞாயிறு அடிப்பது மட்டும் பொது.

அந்த ஞாயிறுதான் முக்கியம். அடித்த மீனையெல்லாம் மதகடியில் தார்ப்பாய் விரித்துக் கொட்டுவார்கள். வில்லோடு ஆள் நின்ற வீடு எத்தனையோ அத்தனை கூறு போடுவார்கள். ஒருவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி ஏரியைப் பார்த்து நிற்பார். இன்னொருவர் ஒரு கூற்றைக் குச்சியால் தொட்டு, "இது யாருக்கு?" என்பார். திரும்பி நிற்பவர் மனசில் வந்த வீட்டின் பெயரைச் சொல்வார். எந்தக் கூற்றில் என்ன மீன் என்று அவருக்குத் தெரியாது. அதனால் பெரிய கூறு, சின்னக் கூறு என்று சண்டை வராது. முதல் வீட்டின் பெயரைச் சொல்லிவிட்டால் பிறகு கூற்றைக் கலைக்கக் கூடாது. அதுதான் முறை.

இது மீனுக்காக மட்டும் இல்லை. அன்று பெயர் சொல்லப்பட்ட வீடுதான் ஊர் வீடு. ஆடியில் கங்கம்மாவுக்குக் கூழ் ஊற்றும்போது அந்த வீடுகளின் பானைகள் முன்வரிசையில் இருக்கும். பெயர் சொல்லாத வீட்டின் பானை, பிழைக்க வந்த வெளியூர்க்காரர்களின் பானைகளோடு, கடைசியில். அந்தக் கடைசியில் நிற்பது எப்படி இருக்கும் என்று முன்வரிசைக்காரர்களுக்குத் தெரியாது.

பாவாவின் வீட்டுக்குத் தறி வீடு என்று பெயர். அவருடைய அப்பா அங்கே கைத்தறி போட்டிருந்தார். அந்தத் தறிக் கட்டைகள் பரணில் கிடந்தன. அவற்றில் ஒன்றை எடுத்துத் துப்பாக்கிக் கட்டை மாதிரி செதுக்கினார் பாவா. தன் பழைய மூங்கில் வில்லை அதன் முனையில் குறுக்கே வைத்துக் கட்டினார். முன்னால் ஓர் இரும்பு வளையம். வளையத்துக்குள் காலைவிட்டு மிதித்துக்கொண்டு, வலது கையால் நாணை இழுத்து ஒரு பல்லில் மாட்டிவிட்டால் வில் வளைந்தபடியே நிற்கும். விசையைத் தட்டினால் அம்பு போகும். அந்த விசையைச் செய்து கொடுத்தவர் திருத்தணி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருந்த பாய். சைக்கிள் பிரேக் பிடியை அறுத்து வளைத்துக் கொடுத்தார். நானும் அன்று கூடப் போயிருந்தேன்.

"இன்னா பாவா இது? மீன அடிக்கவா, மச்சான அடிக்கவா?" என்றார் பாய்.

"மீனத்தான். மச்சான் ஏரிப் பக்கம் வர மாட்டான்."

"விசைய லேசா வெக்கட்டுமா, இறுக்கமா வெக்கட்டுமா?"

"இறுக்கி வை. லேசா வெச்சா என் கால்லயே வுட்டுக்குவேன். ஏற்கெனவே ஒண்ணு போச்சி."

விசைவில்லு என்று அதற்குப் பெயர் வைத்தது பாய்தான்.

அந்த வருஷம் வில்லு மாசத்தின் முதல் நாள் பாவா அதைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தார். எல்லோரும் பார்த்தார்கள். ஊர்ப் பெரியதனக்காரரும் பார்த்தார். ஊரில் முதன்முதலாக மாடி கட்டியவர் அவர். அவருடையது மாடி வீடு. வழக்கு, வாய்க்கால், கோயில் எல்லாம் அவர் சொல்வதுதான். பாவா நேராக அவரிடமே போய், "இத்த வெச்சினு நிக்கலாமா?" என்று கேட்டார்.

"ஆங், நில்லு, நில்லு. பாக்கலாம்" என்றார் அவர்.

பாக்கலாம் என்ற அந்தச் சொல்லை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது. கூடாது என்றால் அன்றைக்கே கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பாவா மாசம் முழுக்க வெயிலில் நின்றார். கடைசி ஞாயிறும் நின்றார். அன்று முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் அடித்தார். அதைக் கயிற்றோடு இழுத்து வந்து எல்லோரையும்போலத் தார்ப்பாயில் போட்டார். கூறு போட்டார்கள். அப்போதெல்லாம் கங்கம்மா கோயில் பூசாரிதான் திரும்பி நின்று பெயர் சொல்வார். புளியமரத்து வீடு, கிணத்து வீடு, மாடி வீடு, எங்கள் கல் வீடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கூறுகள் தீர்ந்தன. தறி வீட்டைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று அவருக்கு முன்பே சொல்லி வைத்திருந்தார்கள்.

பாவா அடித்த விரால் துண்டாகி நாலு கூற்றில் கிடந்தது. அவர் வீட்டுக்குக் கூறு இல்லை.

"என் வூடு?" என்றார் பாவா. நான் அவரை அவ்வளவு மெதுவாகப் பேசிக் கேட்டதில்லை.

"பேர் சொல்ல ஆரம்பிச்சாச்சி. இப்ப கலைக்கக் கூடாது. உனுக்குத் தெரியாததா? அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார் பெரியதனக்காரர்.

சாயங்காலம் ஒரு பையில் இரண்டு கெண்டை போட்டுப் பண்ணையாளிடம் கொடுத்தனுப்பினார். பாவம் பார்த்து. பாவா பையை வாங்கவில்லை. பண்ணையாளை முன்னால் நடக்கவிட்டுக் கூடவே மாடி வீடுவரை போனார். அங்கே அந்தப் பையை வாங்கி, வாசல் கேட் கம்பியில் மாட்டினார். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"கூறுன்னா குடு, வாங்கிக்கிறேன். சும்மா குடுத்தா வேணாம். எடுத்து உள்ள வை, நாறிடும்."

மாடி வீட்டிலிருந்து யாரும் வெளியே வரவில்லை. வீம்புக்கு எடுக்காமல் விட்டார்கள். மறுநாள் மத்தியானம் அந்தத் தெருவில் நடக்க முடியவில்லை.

அடுத்த வருஷம் வில்லு மாசத்துக்கு முன்னால் மதகடியில் பேச்சு வைத்தார்கள். பாவா விசைவில்லைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் வைத்தார். பெரியதனக்காரர் பேசியதை அப்படியே எழுதுகிறேன். அவர் பேச்சில் ஞாயம் இல்லாமல் இல்லை, அதையும் சொல்ல வேண்டும்.

"வில்ல இழுத்துப் புடிச்சினு நின்னா கை கெஞ்சும். கை நடுங்கறப்ப மீனு தப்பிச்சிக்கும். அதுக்கும் ஒரு வழி வுடறதுதான் நம்ம முறை. இத்த மாட்டி வெச்சிட்டு பீடி குடிச்சிகினு உக்காரலாம். மீனு வந்தா தட்டலாம். இது வேட்டையா?"

"அதே வில்லு, அதே நாணு, அதே அம்பு" என்றார் பாவா. "புடிச்சினு நிக்க எனக்கு இன்னொரு கை இல்ல. கட்ட புடிச்சினு நிக்கிது. நீங்க நாலு அம்பு வுடற நேரத்துல நான் ஒண்ணு வுடுவேன். காலால மெறிச்சி, இழுத்து, மாட்டி, அப்புறம் தூக்கிப் பாக்கறதுக்குள்ள மீனு ஆந்திராவுக்கே பூடும். அந்த வழி பத்தாதா அதுக்கு?"

சிலர் சிரித்தார்கள். கிணத்து வீட்டுக்காரர், "கை இல்லாதவருக்கு மட்டும் வுடலாமே" என்றார்.

"இன்னிக்கி இவருக்கு வுட்டா நாளைக்கி எல்லாரும் எடுத்துனு வருவான். அப்புறம் ஏரியில மீனு இன்னா இருக்கும்?" என்றார் பெரியதனக்காரர்.

அந்தக் கேள்வி தப்பில்லை. ஊரில் ஆளுக்கொரு விசைவில்லைத் தூக்கினால் விரால் மிஞ்சாது. பாவாவும் அதை மறுக்கவில்லை. "எல்லாரும் எடுக்கக்கூடாதுன்னு எழுதி வை. நானே கையெழுத்து போடறேன். எனக்கு மீனு வேணாம். நான் அடிக்கறத உங்க கூறுலயே போட்டுக்கோ. வூட்டுப் பேர மட்டும் சொல்லு" என்றார்.

"முறைன்னா முறைதான்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார் பெரியதனக்காரர். அவ்வளவுதான் தீர்ப்பு.

அந்த ஆடியில் அக்கா கூழ்ப்பானையைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனாள். பாவா கோயிலுக்கு வரவில்லை. அதற்குப்பிறகு எந்த வருஷமும் வரவில்லை.

ஆனால் வில்லு மாசத்தில் ஏரிக்கு வராமல் இருந்ததில்லை. எதிர்க்கரையில் ஒரு பாறை இருக்கிறது. விசைவில்லை மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்காருவார். அம்பு இருக்காது. அங்கிருந்து ஒவ்வொருவரையும் திட்டுவார். அம்பு தவறினால் திட்டு. பேசிக்கொண்டு நின்றால் திட்டு. முக்கியமாக, பார்ப்போடு இருக்கும் விராலைக் குறிவைத்தால் அவர் குரல் மலைவரைக்கும் போகும். விரால் குஞ்சுகள் செந்தூரம் கரைத்ததுபோலக் கூட்டமாக மேலே வரும், அதற்குத்தான் பார்ப்பு என்று பெயர். தாய் அடியிலேயே காவல் நிற்கும். பார்ப்போடு இருக்கும் தாயை அடிக்கக் கூடாது. அதுவும் முறைதான்.

ஒருமுறை பெரியதனக்காரரின் தம்பி அப்படி ஒரு தாயை அடித்தார். பாவா பாறைமேல் எழுந்து நின்றுவிட்டார்.

"டேய், அதுக்குக் கீழ புள்ளைங்க இருக்குதுடா. கண்ணு தெரியல? எனுக்குக் கை இல்ல, உனுக்குக் கண்ணு இல்லியா?"

தம்பி கேட்காத மாதிரி கயிற்றை இழுத்தார். பார்ப்பு சிதறி ஓடியது. சாயங்காலத்துக்குள் கெளுத்தியும் பாம்பும் அதைத் தீர்த்துவிட்டன. அந்த முறை மீறலுக்கு யாரும் பேச்சு வைக்கவில்லை. அந்த வருஷமும் தம்பி வீட்டின் பெயர் சொல்லப்பட்டது. ஒற்றைக் கையால் வில்லை இழுக்க முடியாதவன் முறை தவறியவன். பார்ப்போடு இருந்த தாயை அடித்தவன் ஊர்க்காரன். இதை நான் எத்தனை முறை மனசில் புரட்டிப் பார்த்தாலும் எனக்கு ஆறவில்லை.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து பாவா போய்விட்டார். ஆஸ்பத்திரியில் ஊசி போட வந்த பெண்ணைக்கூடத் திட்டினார். "நல்லா இருக்கற கையில குத்தாத. இந்தக் கையில குத்து, இது சும்மாதானே கீது" என்றார். அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவர் பேசியதில் நான் கேட்ட கடைசி வார்த்தை அதுதான். சாவுக்கு மாடி வீட்டிலிருந்து பெரிய ரோஜா மாலை வந்தது. அக்கா அதைப் பிணத்தின்மேல் போடவிடவில்லை. வேலிக் காலில் மாட்டச் சொன்னாள்.

இந்த வருஷம் பூசாரிக்குத் தொண்டை கட்டிப்போய்க் குரல் எழும்பவில்லை. பெயர் சொல்ல யார் என்று பேச்சு வந்தபோது அவர் என்னைக் கை காட்டினார். "இவன்தான் சரி. திரும்பி யார் மொகத்தையும் பாக்க மாட்டான்" என்று கிசுகிசுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒத்துக்கொண்டேன். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்பது எனக்குக் கஷ்டமில்லை.

கடைசி ஞாயிறுக்கு முந்தின நாள், மாடி வீட்டுப் பிள்ளை சென்னையிலிருந்து வந்தான். போனில் பார்த்து வாங்கியதாம். கறுப்பு நிறத்தில் விசைவில். பிளாஸ்டிக் கட்டை, இரண்டு பக்கமும் உருளை, மேலே குறி பார்க்கக் கண்ணாடி. நாணை இழுக்கக் கைப்பிடிகூட இருந்தது, சுற்றினால் போதும். இரண்டு கையும் நன்றாக இருக்கிற பிள்ளை. மதகடியில் எல்லோரும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். நானும் நின்றிருந்தேன். கிணத்து வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"இத்த வெச்சினு நிக்கலாமா?"

"இதுவும் வில்லுதானப்பா. காலத்துக்கு ஏத்த மாதிரி நாமளும் போவணும்" என்றார் பெரியதனக்காரர்.

வீட்டுக்குப் போகாமல் நேராக அக்காவிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். விசைவில்லைக் கொடு, நாளைக்கு நான் தறி வீட்டுக்காக நிற்கிறேன் என்றேன்.

அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"நீ உன் வூட்டுக்கு நில்லு. என் வூட்டுக்கு நான் நிப்பேன்" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் விசைவில்லைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எதிர்க்கரைக்குப் போகவில்லை. இந்தக் கரையிலேயே, வில்காரர்கள் வரிசையில், மாடி வீட்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றாள். காலால் வளையத்தை மிதித்து நாணை இழுத்து மாட்டினாள். எங்கே கற்றாள் என்று தெரியவில்லை. ஒரே ஓர் அம்புதான் விட்டாள். ஒரு ஜிலேபிக் கெண்டை, உள்ளங்கை அளவு. இழுத்துவந்து தார்ப்பாயில் போட்டாள். பெண்பிள்ளையிடம் போய் எப்படிக் கேட்பது என்று ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெரியதனக்காரர், "நிக்கட்டும், நிக்கட்டும். பாக்கலாம்" என்றார்.

கூறு போட்டார்கள். அவர்கள் போட்ட கணக்கில் தறி வீடு இல்லை என்று எனக்குத் தெரியும். அக்கா தன் மீனைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் ஏரியைப் பார்த்துத் திரும்பி நின்றேன். தண்ணீரில் கொக்குகள் நின்றன. முதுகில் வெயில் சுட்டது. கிணத்து வீட்டுக்காரர்தான் குச்சி பிடித்திருந்தார்.

"இது யாருக்கு?"

"தறி வூட்டுக்கு" என்றேன்.

பின்னால் சத்தம் நின்றது. ஈ மொய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"எந்த வூடு?" என்றார் பெரியதனக்காரர்.

"தறி வூடு."

"அந்த வூட்டுல ஏதுப்பா வில்லு?"

"நின்னுது. எல்லாரும் பாத்தீங்க. உங்க புள்ளையோட நின்னுது."

அவர் சிரித்தார். நல்ல மனசுக்காரர் சிரிப்பது மாதிரி சிரித்தார். "செரி, தனியா கீற பொம்பள. பாவம், ரெண்டு மீனு எடுத்துத் தனியா வைங்கப்பா. நீ வேற பேரு சொல்லு."

"மீனு இல்ல. கூறு" என்றேன். குரல் நடுங்கியது. ஆனால் வந்தது. "மொத பேர் சொல்லியாச்சி. இனிமே கலைக்கக் கூடாது."

குச்சி தார்ப்பாயில் தட்டும் சத்தம் கேட்டது. கிணத்து வீட்டுக்காரர் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கேட்டார்.

"இது யாருக்கு?"

"புளியமரத்து வூட்டுக்கு."

"இது?"

"கிணத்து வூட்டுக்கு."

ஒவ்வொன்றாகச் சொன்னேன். எங்கள் கல் வீட்டையும் சொன்னேன். பார்ப்போடு இருந்த தாயை அடித்த தம்பி வீட்டையும் சொன்னேன், அதுவும் வில் நின்ற வீடுதான். கடைசிக் கூறு மேட்டு வீட்டுக்குப் போனது. குச்சியைக் கீழே போடும் சத்தம் கேட்டது.

"என் வூடு?" என்றார் பெரியதனக்காரர்.

நான் திரும்பவில்லை. கொக்குகளைப் பார்த்தபடியே சொன்னேன்.

"அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

பின்னால் யாரோ ஒருவர் இருமினார். அது சிரிப்பை அடக்குகிற இருமல். அப்புறம் இன்னொருவர் இருமினார். மாடி வீட்டுப் பிள்ளை, "இன்னா நைனா இது?" என்றான். கொஞ்ச நேரம் கழித்துப் பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. அதன்பிறகுதான் திரும்பினேன். என் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

தறி வீட்டுக் கூற்றை ஓர் அலுமினியத் தட்டில் அள்ளிக்கொண்டு போனேன். இரண்டு கெண்டை, கொஞ்சம் கெளுத்தி, ஒரு துண்டு விரால். அக்கா வாசலில் நின்றிருந்தாள். விசைவில் சுவரில் சாய்ந்திருந்தது. தட்டை நீட்டினேன். அவள் கையை நீட்டவில்லை.

"குடுத்து அனுப்புனாங்களா?" என்றாள்.

"இல்லக்கா. கூறு. மொத பேரு."

அவள் தட்டை வாங்கிக்கொண்டாள். பிறகு உள்ளே போய் அருவாமணையை எடுத்துவந்து வாசலிலேயே போட்டு உட்கார்ந்தாள். தெருவில் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கட்டும் என்று.